லாமினேஷன் போட்ட அட்டை

அத்தியாயம் 17

"அம்மா, காசு இல்லாதவங்க காணிக்கைப் பை வரும்போது என்ன செய்வாங்க?"

ஆஸ்வினுக்கு அப்போது ஆறு வயது. சாந்தோமில் ஞாயிறு பூசை. சிவப்பு வெல்வெட் பை ஒவ்வொரு வரிசையாக வந்துகொண்டிருந்தது. அம்மாவின் சேலையை இழுத்து, காதோடு காதாகக் கேட்டான்.

"கையை மூடிக்கிட்டு பைக்குள்ள விடுவாங்க. உள்ள விரிச்சிட்டு வெளியே எடுத்துடுவாங்க. யாருக்கும் தெரியாது" என்றாள் லூயிசா.

"சாமிக்கு?"

"அவருக்குத் தெரியும். ஆனா யார்கிட்டயும் சொல்லமாட்டாரு."

பதினேழு வருஷத்துக்கு முன்னால் சொன்ன பதில். நாலு நாளாக லூயிசாவே அப்படித்தான் நடமாடிக்கொண்டிருந்தாள், மூடிய வெறுங்கையோடு. பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் "எல்லாம் ரெடியா?" என்று கேட்டால் "ஆச்சு, ஆச்சு" என்றாள். ஆஸ்பத்திரியில் காஸ்பர் கேட்டால் "நீங்க பேசாம படுங்க" என்றாள்.

போன வியாழக்கிழமை, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில், ஓடிக்கொண்டிருந்த லேத்துக்கு முன்னாலேயே காஸ்பர் சரிந்து விழுந்தார். அடையாற்றில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்று அடைப்பு. நாளைக் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். முன்பணம் அறுபதாயிரம்.

லூயிசாவின் சங்கிலி, வளையல், காஸ்பருடைய பட்டறை முதலாளி கொடுத்தது, பங்குக் கோயிலில் சேர்த்துத் தந்தது எல்லாம் போட்டு முப்பத்தாறாயிரம் கட்டியாயிற்று. மிச்சம் இருபத்து நாலாயிரம். இன்று மாலை நாலு மணிக்குள் கட்டாவிட்டால் நாளைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஆபரேஷன் செய்யும் டாக்டர் மறுநாள் வெளிநாடு போகிறார், திரும்பப் பதினைந்து நாள்.

"பதினஞ்சு நாள் காத்திருக்கிற இதயம் இல்லைம்மா இது" என்று அவர் சொல்லிவிட்டார்.

லூயிசா பி.எஃப். கடனுக்கு எழுதிப் போட்டிருந்தாள். கிடைத்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் நாற்பது நாள் ஆகும் என்றார் பள்ளிக்கூடத்து கிளார்க். நாற்பது நாள் கழித்து வரப்போகிற பணத்தை இன்று நாலு மணிக்கு எப்படிக் கட்டுவது?

மதியம் இரண்டு மணி. மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் ஆஸ்வின் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். முந்தைய நாள் முழுக்க அலைந்திருந்தான்; கேட்ட இடமெல்லாம் கை விரித்திருந்தார்கள்.

"அம்மா" என்றான் திடீரென்று. "உன் கார்டெல்லாம் எங்க?"

"எந்தக் கார்டு?"

"நான் உனக்கு வாங்கிக் குடுத்த கிரெடிட் கார்டு. மூணு."

லூயிசா அவனைப் பார்த்தாள். அவளுக்கு அது நினைவிலேயே இல்லை.

ஆஸ்வினுக்கு கிரெடிட் கார்டு விற்கிற வேலை. பையைத் தூக்கிக்கொண்டு தி. நகர் கடைகளிலும் நந்தனம் ஆபீஸ்களிலும் ஏறி இறங்கி, கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று வருஷத்தில் மூன்று ஏஜென்சி மாறினான். ஒவ்வொரு ஏஜென்சியும் வேறு வேறு வங்கிக்கு ஆள் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் முதல் விண்ணப்பம் அம்மாவுடையது. "நீ போணி பண்ணும்மா, உன் கை ராசி" என்பான். அவளும் சிலுவை போட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். கார்டு தபாலில் வரும். அதை ஜெபப் புத்தகம் வைக்கும் ஜிப் பைக்குள் போட்டுவிடுவாள். ஒரு நாளும் வெளியே எடுத்ததில்லை. கடைக்காரரிடம் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லக்கூடக் கூசுகிற குடும்பம் அது.

"அதுல பணம் இருக்கா?" என்று கேட்டாள்.

"பணம் இல்லம்மா. கடன் இருக்கு. அந்த ஆஸ்பத்திரியில கார்டு வாங்கறாங்க, கவுன்ட்டர்ல படம் ஒட்டியிருக்கு. எனக்கு இத்தனை நாள் தோணவே இல்ல பாரு. ஊருக்கெல்லாம் விக்கிறேன்."

லூயிசா ஜிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதைத் திறக்கவில்லை. தன் ஆபீஸ் பையிலிருந்து மூன்று வங்கியின் காகிதங்களையும் எடுத்துத் தரையில் பரப்பினான். கொட்டை எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் விரலை வைத்து ஓட்டினான்.

"முதல்ல வந்தது தங்கக் கலர். அது செத்துப்போச்சு. வருஷக் கட்டணம் நீ கட்டல, நிறுத்திட்டான்."

"நான்தான் அதைத் தொடவே இல்லையே. தொடாததுக்கு எதுக்குக் கட்டணம்?"

"தொடாட்டியும் உண்டும்மா."

"நீ சொல்லவே இல்ல."

அவன் விரல் அடுத்த காகிதத்துக்குப் போனது.

"இது சிவப்பு. இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் போகும். நீலமும் அவ்வளவுதான். ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரி. ஆனா ஒண்ணு இல்ல. இன்னிக்குத் தேதி ஆறு. சிவப்புக்கு பில் போடற நாள் எட்டு. இன்னிக்கு வாங்கினா நாளன்னிக்கே பில்லுல ஏறிடும். இருபத்தெட்டாம் தேதிக்குள்ள முழுசா கட்டணும். இருபத்திரண்டு நாள்."

"பி.எஃப். அதுக்குள்ள வராதே."

"வராது. கட்டலைன்னா இன்னிலேருந்தே வட்டி. மொத்தப் பணத்துக்கும். மாசத்துக்கு நூத்துக்கு கிட்டத்தட்ட மூணு ரூபா."

லூயிசா நாலாம் வகுப்பு டீச்சர். மனக்கணக்கு அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. "நாப்பது நாளுக்குத் தொள்ளாயிரத்து சொச்சம்" என்றாள்.

"ஆமா. ஆனா நீலத்துக்கு பில் நாள் அஞ்சு. நேத்தோட முடிஞ்சுது. இன்னிக்கு வாங்கினா அடுத்த மாசம் அஞ்சாம் தேதிதான் பில். அதுக்கு மேல இருபது நாள். கிட்டத்தட்ட அம்பது நாளும்மா. பி.எஃப். வந்துடும். ஒரு பைசா வட்டி கிடையாது." அவன் நிமிர்ந்தான். நாலு நாளில் முதல் தடவையாக அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். "நமக்கு ஏத்தது நீலம்தான்."

லூயிசா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "இவ்வளவு விவரம் இருக்கா இதுல? இதையெல்லாம் விக்கும்போது சொல்வியாப்பா?"

"கேட்டா சொல்வேன்."

"யாராவது கேட்டாங்களா?"

அவன் காகிதங்களை அடுக்கினான். ரொம்ப நேரம் அடுக்கினான்.

"எடும்மா கார்டை. நேரமாச்சு."

லூயிசா ஜிப்பைத் திறந்தாள். நோவேனா ஜெப அட்டைகளுக்கு நடுவிலிருந்து சிவப்புக் கார்டு வந்தது. அப்புறம் நீலம் வந்தது.

ஆஸ்வின் அதைக் கையில் வாங்கினான். அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே இறங்கிப்போனது.

நீல அட்டையைச் சுற்றி நாலு பக்கமும் அரை அங்குலத்துக்குக் கண்ணாடித் தாள். பளபளவென்று, முனை மழுங்காமல், அழகாக லாமினேஷன் செய்யப்பட்டிருந்தது.

"என்னம்மா இது?"

"ஜூன் மாசம் பிள்ளைங்களோட அடையாள அட்டையெல்லாம் கச்சேரி ரோட்டுல சுயம்புலிங்கம் கடையில போடக் கொண்டுபோனேன். முப்பது போட்டா ஒண்ணு சும்மான்னாரு. இது அப்பத்தான் தபால்ல வந்துச்சு, கைப்பையில இருந்துச்சு. நீ வேலை செஞ்சு வாங்கிக் குடுத்தது. எழுத்து அழிஞ்சிடக் கூடாதேன்னு..."

அவளுக்கு ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது என்று மகனுடைய முகத்தைப் பார்த்தே புரிந்தது. ஆனால் என்னவென்று புரியவில்லை.

ஆஸ்வின் பிளேடு எடுத்து ஓரத்தைக் கிழித்தான். தாள் உரிந்து வரவில்லை, சூட்டில் அட்டையோடு அட்டையாக ஒட்டியிருந்தது. கார்டின் மேல் புடைத்திருக்க வேண்டிய எண்கள் தோசைக்கல்லில் அமுக்கின மாதிரி தட்டையாகப் படுத்துக்கிடந்தன. அவன் ஒரு காகிதத்தை மேலே வைத்து, குழந்தைகள் காசை வைத்துத் தேய்ப்பார்களே, அப்படிப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தான். அம்மாவின் பெயரில் முதல் இரண்டு எழுத்து மட்டும் மங்கலாக வந்தது. எண் ஒன்றுகூட வரவில்லை.

"மெஷின்ல வெச்சு இழுக்கும்போது இந்த எண்ணு கார்பன்ல பதியணும். பதியலைன்னா பேங்க் பணம் தராது. புதுசு கேட்டா ரெண்டு வாரம் ஆகும்."

லூயிசா சுவரில் சாய்ந்தாள். பத்திரமாக வைப்பது என்பது அவளுக்குப் பழக்கமான ஒரே வழி. ஞானஸ்நானச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல், மகனின் மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் அப்படித்தான் காப்பாற்றி வைத்திருந்தாள். இதையும் காப்பாற்றினாள். காப்பாற்றியே கெடுத்தாள்.

"நானே அவரைக் கொன்னுடுவேன் போலிருக்கு" என்றாள், அழாமல்.

"அப்படிப் பேசாத. சிவப்பு இருக்கு. வட்டி போனா போகுது. வா."

ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் கேட்டார். "இன்னாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போறீங்க, மூஞ்சே சரியில்ல. சரி, மீட்டரே குடுங்க, ஏறுங்க" என்று அவரே இறங்கி வந்தார். லூயிசா வழியெல்லாம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். மந்திரம் நாக்கில் ஓடியது. மனசு மட்டும் ஆறு, எட்டு, இருபத்தெட்டு என்று தேதிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

காஸ்பர் விழித்திருந்தார். லேத்தில் முப்பது வருஷம் நின்ற உடம்பு, நாலு நாளில் படுக்கை விரிப்போடு விரிப்பாக ஆகிவிட்டது.

"லூயி, பணம் கட்டியாச்சா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "இன்னும் இல்ல. கார்டுல கட்டப் போறோம். ஆஸ்வின் குடுத்தானே, அது."

"கடன்தானே அது?"

"கடன்தான்."

"டேய்" என்றார் மகனைப் பார்த்து. "நான் பிழைச்சு வந்தா அடைச்சிடுவேன். பிழைக்கலைன்னா உன் அம்மா தலையில விழும். அந்தக் கார்டுல அதுக்கு ஏதாவது எழுதியிருக்கானா?"

"அம்மாதான் கட்டணும்னு எழுதியிருக்கான்பா" என்றான் ஆஸ்வின். "பொடி எழுத்துல."

"அப்ப வேணாம். பதினஞ்சு நாள்தானே, இருந்து பாக்கறேன்."

லூயிசா அவர் நெற்றியில் சிலுவை வரைந்தாள். "முப்பது வருஷமா நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல. இன்னிக்கு ஒண்ணு கேக்கறேன். வாயை மூடிக்கிட்டுப் படுங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். ஓரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு மட்டும் மூடவில்லை.

பணம் கட்டும் கவுன்ட்டரில், முந்தைய பணத்துக்கு ரசீது போட்ட ஹமீதுன்னிசா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், தலையில் முக்காடு, விரல் நுனியில் கார்பன் மை. மணி மூன்றே கால்.

சிவப்புக் கார்டைத் திருப்பிப் பார்த்தாள். "பின்னால கையெழுத்தே போடலையே டீச்சரம்மா."

"போடணும்னு தெரியாதும்மா."

"இப்ப என் முன்னால போடுங்க." வங்கி அனுப்பும் சின்னப் புத்தகத்தை எடுத்தாள். தொலைந்துபோன, நிறுத்தப்பட்ட கார்டுகளின் எண்கள் அதில் எறும்பு வரிசை மாதிரி இருந்தன. விரல் வைத்துத் தேடினாள். லூயிசா அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் கார்டுக்கும் ஏதாவது கட்டணம், ஏதாவது பொடி எழுத்து?

"இல்ல. நல்ல கார்டுதான். ஆனா பெரிய தொகை, பேங்க்கைக் கேட்டு அனுமதி நம்பர் வாங்கணும்."

போன் போட்டாள். எங்கேஜ். திரும்பப் போட்டாள். எங்கேஜ். பின்னால் வரிசை சேர்ந்தது. ஹமீதுன்னிசா ஒரு கையால் ரசீது எழுதிக்கொண்டு, இன்னொரு கையால் எண்களை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மூன்று இருபது. மூன்றரை.

"நான் பேசட்டுமா? எனக்குப் பழக்கம்" என்றான் ஆஸ்வின்.

"உங்களுக்குத் தரமாட்டாங்க தம்பி. ஆஸ்பத்திரி நம்பர் சொல்லி நான்தான் கேக்கணும்."

மூன்று முப்பத்தெட்டு. மேலாளர் அறையிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார். "அந்த நாளைக் காலை கேஸ், பணம் வந்துதா? இல்லைன்னா அடுத்த ஆளுக்குச் சொல்லணும்."

"வந்துக்கிட்டிருக்கு சார்" என்றாள் ஹமீதுன்னிசா, நிமிராமல்.

லூயிசா ஜெபமாலையை இறுகப் பிடித்தாள். மாதாவே, இந்த ஒரு நம்பர். வேறெதுவும் கேட்கமாட்டேன். இந்த ஒரு நம்பர்.

ஹமீதுன்னிசா புத்தகத்தின் பின் அட்டையைத் திருப்பினாள். "பம்பாய் நம்பர் ஒண்ணு போட்டிருக்கு. இந்த போன்ல வெளியூர் போகாது." ஒரு கணம் யோசித்தாள். பக்கத்துப் பெண்ணிடம் "அஞ்சு நிமிஷம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, கார்டையும் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் மாடிக்குப் போகிறாள், பெரிய ஆபீஸ் போனில் பேசுவாள் என்று லூயிசா நினைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தின் முள் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு சின்னத் துள்ளல் துள்ளியது. நாற்பத்தைந்து. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.

மூன்று ஐம்பதுக்கு ஹமீதுன்னிசா வேகமாக வந்தாள். நெற்றியில் வேர்வை. கையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஆறு எண்கள். கார்டை மெஷினில் வைத்து, கைப்பிடியைச் சரக்கென்று இழுத்து, சரக்கென்று தள்ளினாள். புடைத்த எழுத்துகள் கார்பனில் கறுப்பாக, கணீரென்று பதிந்தன.

"இங்க கையெழுத்து, டீச்சரம்மா."

லூயிசா போட்டாள். வாழ்க்கையில் முதல் கடன். கையெழுத்து கோணிக்கொண்டு போனது. ஹமீதுன்னிசா அதைக் கார்டின் பின்னால் உள்ளதோடு வைத்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாதிரி நடுங்குது. பரவாயில்ல" என்று ரசீதில் முத்திரை குத்தினாள். துண்டுச் சீட்டையும் ரசீதோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தாள்.

மணி மூன்று ஐம்பத்து மூன்று.

வராந்தாவில் ஆஸ்வின் டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தான். வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அம்மா, மாட வீதியில ஸ்ரீரங்கன் சார்னு ஒருத்தர். ரிடையர் ஆனவர். ரெண்டு வருஷம் முன்னால அவருக்கு ஒரு கார்டு வித்தேன். பில்லுல குறைஞ்சபட்சத் தொகைன்னு ஒண்ணு போடுவான். அதுதான் மொத்த பாக்கின்னு நினைச்சு மாசா மாசம் தேதி தவறாம கட்டறாரு. வட்டி மலை மாதிரி ஏறிக்கிட்டிருக்கு. அவருக்குத் தெரியாது. என்னைப் பாத்தா, 'வாடாப்பா, காபி சாப்பிடு'ங்கறார்."

"நீ என்ன பண்ணுவே?"

"சாப்பிட்டுட்டு வந்துடுவேன்."

லூயிசா ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்தாள். கேட்க வேண்டியதை வீட்டிலேயே கேட்டாயிற்று.

"இப்ப போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றான் அவன். "முழுசா. பொடி எழுத்தோட. அவர் ஏஜென்சிக்குப் போன் பண்ணா, என் வேலை போயிடும்."

"அப்பாவுக்கு நாளைக்கு ஆபரேஷன்" என்றாள் அவள். அது தடுப்பதற்காகச் சொன்னதா, அனுப்பி வைப்பதற்காகச் சொன்னதா, அவளுக்கே தெரியவில்லை.

"அதனாலதாம்மா" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போனான்.

ஆறு மணிக்கு நர்ஸ் ரசீதைக் கேட்டாள். அப்போதுதான் லூயிசா அதைப் பிரித்துப் பார்த்தாள். பின் அடித்திருந்த துண்டுச் சீட்டைத் திருப்பினாள். பின்பக்கம் அச்சு எழுத்து: வெளியே தெருமுனையில் உள்ள எஸ்.டி.டி. கடையின் பில் அது. பம்பாய். ரூபாய் நூற்றுப் பன்னிரண்டு.

அவள் மாடிக்குப் போகவே இல்லை. அந்தப் பெண் தெருவில் இறங்கி ஓடி, பகல் கட்டணத்தில், தன் கைக்காசைப் போட்டுப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லூயிசா கைப்பையைத் திறந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் காலை டீக்கும் வைத்திருந்தது, நூற்றுப் பதினெட்டு ரூபாய். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய இருபத்து நாலாயிரத்துக்கு இருபத்தெட்டாம் தேதி கெடு வரும். அதன் வட்டியும் வரும். பி.எஃப். வரும்வரை அதை எப்படிச் சமாளிப்பாள் என்று அவளுக்குத் தெரியாது. இதை அடைக்கலாம்.

கவுன்ட்டர் மூடியிருந்தது. பக்கக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கொஞ்சம் இடத்தில் ஹமீதுன்னிசா பாய் விரித்து, முதுகைக் காட்டிக்கொண்டு தொழுகையில் இருந்தாள். கதவோரத்து நாற்காலியில் அவளுடைய ஒயர் கூடை, அதில் கழுவித் துடைத்த டிபன் கேரியர்.

கையில் கொடுத்தால் வாங்கமாட்டாள் என்று லூயிசாவுக்குத் தெரியும். தெரியக்கூடாது என்று செய்ததை, தெரியும் என்று சொல்லிக் காட்டுவதும் ஒரு மாதிரி முரட்டுத்தனம்தான். கூட ஒரு ரூபாய் வைக்கலாமா என்று தோன்றியது. வேண்டாம், அது கூலி ஆகிவிடும்.

மேல் தட்டைச் சத்தமில்லாமல் திறந்தாள். ஒரு நூறு, ஒரு பத்து, ஒரு இரண்டு. மூன்றையும் சேர்த்து மடித்து உள்ளே வைத்தாள். மூடி, கொக்கியை விரலால் அமுக்கினாள்.

தொழுதுகொண்டிருந்தவள் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தாள். லூயிசா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, வராந்தாவின் திருப்பம்வரை போனாள்.